அவரைக்கொட்டை உலர்த்திய கோபுரம்

ஜெர்மனியில் கொலோனுக்கு வந்த முதல் வாரம். ரயில் நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தால் நேர் எதிரே கரேலென்று ஒரு கல்மலை, கொலோன் பேராலயம். உச்சியைப் பார்க்க நிமிர்ந்ததில் கம்பளித் தொப்பி பின்பக்கம் நழுவி விழுந்தது. அதை எடுத்துத் தட்டிவிட்டு அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். இங்கே மதியம் மூன்றரை, திருச்சியில் இரவு எட்டு. அப்பா சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "தீப்பிடிச்சு எரிஞ்சதா தம்பி?" என்று கேட்டார். இல்லையென்றேன். "அப்ப ஏன் இப்படிக் கரி பிடிச்சிருக்கு? அங்க மேல சாரம் வேற பிரிக்காம வச்சிருக்காங்க. வேலை எப்ப ஆரம்பிச்சாங்களாம்?"

"1248ல."

மறுமுனையில் சத்தமே இல்லை. நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "காண்ட்ராக்டர் யாருன்னு கேட்டுச் சொல்லு."

அப்பா நாற்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். நான் கம்பி கட்டும் வேலைக்கு வரைபடம் போடுகிறவன். எந்தத் தூணில் எத்தனை எம்எம் கம்பி, எங்கே வளைக்க வேண்டும், எவ்வளவு நீளம் மேலே விட வேண்டும் என்று கணினியில் கோடு இழுத்துத்தான் சோறு தின்கிறேன். அதனால் இந்தப் பேராலயத்தைப் பக்திக்கு அடுத்தபடி, அல்லது பக்திக்கு முன்னாடியே, ஒரு சைட்டாகத்தான் என்னால் பார்க்க முடிகிறது. ஆறு வருடமாகத் தினமும் இதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். அப்பா கேட்ட கேள்விகளுக்குத் துண்டு துண்டாகப் பதில் தேடியதில் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் கரி. அது நெருப்புக் கரி கிடையாது. கட்டடத்தின் பெரும்பகுதி மணற்கல். மணலைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் காற்றில் உள்ள கந்தக அமிலம் மழையோடு சேர்ந்து ஜிப்சமாக மாற்றிவிடுகிறது. அந்த ஜிப்சப் படலம் ரயில் புகையையும் ஆலைப் புகையையும் இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. கழுவிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். கழுவினால் கரியோடு கல்லின் மேல்தோலும் உரிந்து வந்துவிடும். அதனால் விட்டுவிட்டார்கள். கட்டி முடித்த புதிதில் இது வெளிர் நிறத்தில் நின்றது என்பதை இன்று பார்க்கிறவரால் நம்ப முடியாது.

இவ்வளவு பெரிதாகக் கட்டியது எதற்காக? மூன்று மண்டை ஓடுகளுக்காக. இப்படிச் சொன்னால் துடுக்காகத் தெரியலாம், ஆனால் விஷயம் அதுதான். 1164இல் பேரரசர் பார்பரோசா மிலான் நகரத்தை வென்றபின், அங்கிருந்த மூன்று ராஜாக்களின் எலும்புகளைத் தன் அமைச்சரும் கொலோன் பேராயருமான ரைனால்ட் ஃபான் டாசெலுக்குக் கொடுத்தார். பெத்லகேமில் குழந்தை இயேசுவைப் பார்க்கப் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டுபோனவர்கள் என்று நம்பப்படும் அதே மூன்று பேர். எலும்புகள் வந்த நாளிலிருந்து யாத்ரீகர்கள் குவிய ஆரம்பித்தார்கள். கொலோன் நகரச் சின்னத்தில் இன்றும் மூன்று கிரீடங்கள் இருக்கின்றன.

எலும்புகளை வைக்க வெர்டூன் நிக்கோலாஸ் என்ற பொற்கொல்லரின் கைவண்ணத்தில் தங்க முலாம் பூசிய ஒரு பேழை உருவானது. சுமார் 1190இல் தொடங்கி 1225 வாக்கில் முடிந்தது. 2.20 மீட்டர் நீளம். அதுவே ஒரு சிறிய கோவில் வடிவம்தான். நடுவில் உயர்ந்த கூரை, இருபுறமும் தாழ்ந்த கூரை, பக்கங்களில் வரிசையாகத் தீர்க்கதரிசிகளும் அப்போஸ்தலர்களும். பலிபீடத்துக்குப் பின்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாளன்று முன்பக்கத் தகட்டைக் கழற்றி வைக்கிறார்கள். கம்பி வலைக்குப் பின்னால் கிரீடம் சூட்டிய மூன்று மண்டை ஓடுகள். ஒரு வருடம் வரிசையில் நின்று பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு ஈழத்துக் குடும்பம் நின்றது. பாட்டி பேரனைத் தூக்கிக் காட்டி, "கும்பிடு ராசா, உன்ர பேருக்காரர்" என்றார். பையனுக்கு ஏதோ ராஜா என்று முடிகிற பெயர் போல.

இதில் நம் ஊரைத் தொடும் ஒரு நூலும் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் ஹில்டெஸ்ஹைம் யோவான் என்ற கார்மேல் சபைத் துறவி இந்த மூவரின் கதையை எழுதி வைத்தார். அதன்படி, இந்தியாவுக்கு வந்த புனித தோமையார்தான் அந்த மூன்று ராஜாக்களுக்கும் திருமுழுக்கு கொடுத்தவர். வரலாறு என்று எடுத்துக்கொள்ள முடியாது, கதைதான். ஆனாலும் சாந்தோமில் கல்லறையாக இருக்கிற ஒருவரையும் கொலோனில் பேழைக்குள் இருக்கிற மூவரையும் ஒரு ஜெர்மன் சாமியார் அறுநூறு வருடத்துக்கும் முன்னாலேயே கோத்துவிட்டார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, கட்டடத்துக்கு வருவோம். பேழை வந்துவிட்டது, கூட்டம் வந்துவிட்டது, இருந்த பழைய பேராலயம் போதவில்லை. கிழக்குப் பகுதியை மட்டும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று முடிவானது. அந்தக் காலத்தில் பெரிய சுவரை இடிக்க ஒரு வழி உண்டு. கடைக்காலைத் தோண்டி மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்து, பிறகு அந்தக் கட்டைகளுக்குத் தீ வைப்பார்கள். கட்டை எரிய எரியச் சுவர் உட்கார்ந்துவிடும். 1248 ஏப்ரல் கடைசியில் அப்படித்தான் செய்தார்கள். காற்று சேர்ந்துகொண்டது, பழைய ஆலயம் மொத்தமும் பற்றிக்கொண்டது. அப்பா சொன்னது போலத் தீப்பிடித்தது உண்மைதான், ஆனால் இதற்கு முந்தைய கட்டடம். மேற்குப் பகுதியை ஒட்டுப்போட்டு வழிபாட்டை நடத்திக்கொண்டே, அந்த ஆண்டு ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளில், பேராயர் கொன்ராட் ஃபான் ஹோக்ஸ்டாடன் அடிக்கல் நாட்டினார்.

வடிவமைத்தவர் மாஸ்டர் கெர்ஹார்ட். பிரான்சில் அமியான் நகரத்தில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த பேராலயத்தை நன்றாகப் பார்த்துவிட்டு வந்தவர். அங்கே பார்த்ததை இங்கே இன்னும் ஒல்லியாக, இன்னும் உயரமாகச் செய்தார். உள்ளே தரையிலிருந்து வளைகூரை வரை 43.35 மீட்டர். பலிபீடப் பகுதியின் உயரம் அகலத்தைப்போல 3.6 மடங்கு. கிணற்றுக்குள் நின்று வானத்தைப் பார்ப்பது போல இருக்கும்.

இந்த உயரத்துக்குச் சுவர் எப்படித் தாங்குகிறது என்றால், சுவரே கிடையாது. கல்லால் ஆன ஒரு கூடுதான் இருக்கிறது, இடையிடையே கண்ணாடி. வளைகூரை தன் எடையால் தூண்களை வெளிப்பக்கம் தள்ளும். அதைத் தடுக்க வெளியிலிருந்து கல்லில் வளைவாக முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சாய்கிற காம்பவுண்டுச் சுவருக்குச் சவுக்குக் கட்டையைச் சாய்த்து முட்டுக் கொடுப்போமே, அதே வேலைதான். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நாம வேலை முடிஞ்சா கட்டையை எடுத்துடுவோம், அவன் அதையே அலங்காரமா ஆக்கிட்டானா? கெட்டிக்காரன்" என்றார்.

பலிபீடப் பகுதி 1322 செப்டம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. மற்றப் பகுதிகள் இன்னும் எழும்பாததால், மழையும் காற்றும் உள்ளே வராமலிருக்க மேற்குப் பக்கம் தற்காலிகமாக ஒரு சுவர் எழுப்பி அடைத்திருந்தார்கள். அந்தத் தற்காலிகச் சுவரை இடித்தது 1863இல். தற்காலிகம் என்ற சொல் எங்கள் தொழிலில் எவ்வளவு நம்பகமானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 59 மீட்டர் வரை வந்தது. கல்லைத் தூக்க அதன் தலையில் ஒரு மரக் கிரேனை நிறுத்தியிருந்தார்கள். பெரிய சக்கரத்துக்குள் ஆட்கள் நடக்க நடக்கக் கயிறு சுற்றிக்கொண்டு கல் மேலே வரும். 16ஆம் நூற்றாண்டில் யாத்ரீகர் வரத்து குறைந்தது, மார்ட்டின் லூதர் தொடங்கிய புராட்டஸ்டண்ட் பிரிவுக்குப் பிந்தைய கலவரத்தில் காணிக்கையும் வற்றியது. வேலை இழுத்துக்கொண்டே போய், 1560 வாக்கில் பணம் அடியோடு நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். கிரேனை யாரும் இறக்கவில்லை.

அதன்பிறகும் கிட்டத்தட்ட 300 வருடம் அது அங்கேயே நின்றது. பழைய ஓவியங்களில் கொலோன் நகரத்தை அடையாளம் காண வேண்டுமா, கிரேனைத் தேடினால் போதும். ஒருபக்கம் முடிந்த பலிபீடப் பகுதி, மறுபக்கம் மொட்டைக் கோபுரம், அதன் உச்சியில் கழுத்தை நீட்டிய கிரேன். நடுவில் தாழ்வான தற்காலிகக் கூரை. இதில் என்னை மிகவும் தொட்ட சங்கதி ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேனின் கை உளுத்துப்போய்விட்டது. கழற்றி இறக்கினார்கள். ஊர் சும்மா இருக்கவில்லை. 1819இல் புதிய கை செய்து மாட்டினார்கள். இருநூறு வருடத்துக்கு மேலாக ஒரு கல்லைக்கூடத் தூக்காத கிரேனுக்கு! அது இல்லாமல் வானம் பார்க்க நன்றாக இல்லை என்று நினைத்திருப்பார்கள் போல.

திருச்சிக்காரனுக்கு இது விளங்கும். ஸ்ரீரங்கத்துத் தெற்கு ராஜகோபுரம் விஜயநகர அரசர்கள் காலத்தில் தொடங்கி, அடிப்பகுதியோடு நின்று, 1987இல்தான் 236 அடிக்கு எழும்பி முடிந்தது. அதற்கு முன்னால் அதை ராயகோபுரம் என்றும் மொட்டைக் கோபுரம் என்றும்தான் சொல்வார்களாம். அப்பா இளைஞராக இருந்தபோது அதன் கீழே பஸ்ஸும் மாட்டுவண்டியும் போகும். "முடிச்சப்புறம் ரொம்ப அழகாத்தான் இருந்துச்சு. ஆனா முதல் ஒரு வருஷம் வேற ஊருக்கு வந்துட்ட மாதிரி இருந்துச்சு" என்பார். கிரேனுக்குக் கை மாட்டிய கொலோன்காரர்களின் மனதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன்.

இனி இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம். வரைபடம்.

1280 வாக்கில் யாரோ ஒருவர், மாஸ்டர் கெர்ஹார்டுக்கு அடுத்து வந்தவர்களில் ஒருவராக இருக்கலாம், மேற்கு முகப்பு முழுவதையும் தோலில் வரைந்தார். இரண்டு கோபுரங்கள், வாசல்கள், சன்னல்கள், உச்சியில் இருக்கும் கல்பூ வரை. பல தோல்களை ஒட்டி 4 மீட்டருக்கும் சற்று அதிகமான உயரம். கோபுரம் அறுபது மீட்டர்கூட எட்டாமல் நின்றுபோன காலம் முழுக்க, 157 மீட்டர் கோபுரம் இந்தத் தோலில் மட்டும்தான் இருந்தது.

1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படை கொலோனை நெருங்கியது. குருக்கள் பேழையையும் ஆவணங்களையும் மூட்டை கட்டி ரைன் நதிக்குக் கிழக்கே அனுப்பினார்கள். பேராலயம் பிரெஞ்சுக்காரர்களுக்குத் தீவனக் கிடங்காகவும் குதிரை லாயமாகவும் ஆனது. பேழை 1804இல் திரும்பி வந்துவிட்டது. ஆவணங்கள் கை மாறி, ஊர் மாறி, எங்கெங்கோ சிதறின.

1814இல் டார்ம்ஷ்டாட் நகரத்தில் ஒரு சத்திரத்தின் பரணில் ஒரு பெரிய தோல் கிடைத்தது. அதைச் சட்டத்தில் இழுத்து அடித்து அதன்மேல் அவரைக்கொட்டை உலர்த்திக்கொண்டிருந்தார்களாம். நல்ல தடித்த தோல், தட்டையாக இருக்கிறது, வேறென்ன செய்வது? அதில் கோடுகள் இருப்பதைக் கவனித்த யாரோ ஒருவர் மூலம் அது அரசவைக் கட்டடக் கலைஞர் கெயோர்க் மோல்லரின் கைக்கு வந்தது. பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, கொலோன் முகப்பின் ஒரு பாதி! இரண்டு வருடம் கழித்து மறுபாதி பாரிசில் அகப்பட்டது. அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர் சுல்பிட்ஸ் பாய்செரே. பேராலயத்தைக் கட்டி முடித்தே ஆக வேண்டும் என்று இளமையிலிருந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்த கொலோன் வணிகர் வீட்டுப் பிள்ளை.

இந்தக் கதையை முதலில் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. தொழில் பயம்தான். பல வருடத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு சைட்டுக்குத் திருத்திய வரைபடத்துக்குப் பதிலாகப் பழைய வரைபடம் போய்விட்டது. எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், 'சி' போக வேண்டிய இடத்தில் 'பி'. நான்கு தூண்களுக்குக் கம்பி ஒரு சாண் தள்ளி நின்றது. கான்கிரீட் போட்டபிறகுதான் தெரிந்தது. உடைத்தோம். அந்தப் பிரேக்கர் சத்தம் இன்னும் சில ராத்திரிகளில் காதுக்குள் கேட்கும். ஒரே அலுவலகத்துக்குள்ளேயே இவ்வளவு தவறு நடக்கிறபோது, 500 வருடம் கழித்து, பாதி ஒரு நாட்டிலும் பாதி இன்னொரு நாட்டிலும் கிடைத்த தோலை ஒட்டி, அதை நம்பி 157 மீட்டர் கட்டியிருக்கிறார்கள்.

அந்தத் தோல் இன்று பேராலயத்துக்குள்ளேயே, பலிபீடத்தைச் சுற்றிவரும் பாதையில் யோவான் சிற்றாலயத்தில், வெளிச்சம் படாமல் திரைக்குப் பின்னால் தொங்குகிறது. வழிகாட்டியோடு போனபோது ஒருமுறை பார்த்தேன். கோடுகள் முடி மாதிரி மெல்லியவை. பழுப்பு நிறம். ஓரங்களில் சுருக்கம். ஒரு பெரிய சன்னலின் கல் பின்னலில், வட்டத்துக்குள் வட்டம் வரைந்த இடத்தில் காம்பசின் முள் குத்திய இடத்தைக் கண்கள் தானாகத் தேடின. ஆபீசில் நான் செய்வதும் அதுதான், மையம் எங்கே என்று பார்ப்பது.

அந்த வரைபடத்தின் அச்சுப் பிரதி ஒன்றைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். "தம்பி, அளவே போடலையே. ஸ்கேலும் இல்ல. எப்படிக் கட்டுனாங்க?"

நல்ல கேள்வி. அந்தக் காலத்து வரைபடங்களில் அளவு எழுதும் வழக்கம் இல்லை. ஒரு சதுரத்தில் தொடங்கி, அதைத் திருப்பி, அதற்குள் இன்னொரு சதுரம், அதிலிருந்து எட்டுமூலை என்று காம்பசும் மூலைமட்டமும் கொண்டே மற்றதெல்லாம் பிறக்கும். ஒரு பக்கத்தின் நீளம் தெரிந்தால் மீதி எல்லாம் தெரியும். அப்பா இதைக் கேட்டுவிட்டு, "நம்ம சிலை செய்யுற ஸ்தபதிங்க தாளம்னு கணக்கு வச்சிருக்காங்களே, அந்த மாதிரியா?" என்றார். அந்த மாதிரிதான். எனக்கு அது தோன்றவேயில்லை.

முடிக்கும் வேலை 1842 செப்டம்பர் 4 அன்று தொடங்கியது. பிரஷ்ய மன்னர் நான்காம் ஃப்ரீடரிக் வில்ஹெல்ம் மறுபடி அடிக்கல் வைத்தார். மன்னர் புராட்டஸ்டண்ட், ஊர் கத்தோலிக்கம். பணத்துக்காகக் குடிமக்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள், அது இன்றும் இருக்கிறது. பிறகு லாட்டரிச் சீட்டு விற்றார்கள், நன்றாகவே வசூலானது. பாரிசில் இருந்த கவிஞர் ஹைன்ரிக் ஹைனே அங்கே அமைந்த ஆதரவுக் குழுவில் முதலில் பொறுப்பில் இருந்தார். அப்புறம் மனம் மாறி, இது முடியவே முடியாது, ஒருநாள் குதிரை லாயமாகத்தான் ஆகும் என்று 1844இல் கவிதையில் கிண்டல் செய்தார். பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கெனவே லாயமாக்கிப் பார்த்துவிட்ட கட்டடம் அது.

பொறுப்பிலிருந்த எர்ன்ஸ்ட் ஃப்ரீடரிக் ஸ்விர்னரும் அவருக்குப்பின் ரிச்சர்ட் ஃபோய்க்டலும் இரண்டு விதமாக வேலை செய்தார்கள். கண்ணில் படுவதெல்லாம் 13ஆம் நூற்றாண்டு. மேற்கு முகப்புக்கு வரைபடம் இருந்தது, அதை விட்டு விலகவில்லை. தெற்குப் பக்க முகப்புக்கு எந்த வரைபடமும் கிடைக்காததால் ஸ்விர்னர் அதே பாணியில் தானே வரைந்தார். கண்ணில் படாத இடத்தில் 19ஆம் நூற்றாண்டு. கூரைக்கு உள்ளே மரச்சட்டத்துக்குப் பதிலாக முழுக்க இரும்பு. வளைகூரைக்கு மேலே போய்ப் பார்த்தால் ஏதோ பழைய ரயில் நிலையத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். இதற்கு இரண்டாம் உலகப் போரில் பலன் கிடைத்தது. எரிகுண்டுகள் விழுந்தபோது பற்றிக்கொள்ளக் கூரையில் மரக்காடு இல்லை. 2019இல் பாரிஸ் நோத்ர்தாமின் கூரை எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அன்று இங்கே என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், "நம்முடையது இரும்பு" என்று இரண்டு தடவை சொன்னார். பெருமை இல்லை, பயந்துபோய்த் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

கல்லுக்கும் ஒரு கதை உண்டு. பழைய பகுதிகளுக்கு ரைன் நதியின் மேல்பக்கம் இருக்கும் டிராகன்ஃபெல்ஸ் குன்றிலிருந்து டிரக்கைட் என்ற எரிமலைக் கல்லைப் படகில் கொண்டுவந்தார்கள். வெட்டி வெட்டிக் குன்றின் உச்சியில் இருக்கும் கோட்டையே சரிய ஆரம்பித்தது. 1836இல் பிரஷ்ய அரசு குன்றை விலைக்கு வாங்கிக் குவாரியைக் காப்பாற்றாமல் குன்றைக் காப்பாற்றியது. அதன்பிறகு வெவ்வேறு ஊர் மணற்கற்கள் வந்தன. அவற்றில் ஷ்லைட்டார்ஃப் கல்தான் இன்று அதிகம் பொரிகிறது. சுண்ணாம்புச் சத்து அதிகம், மழைக்குக் கரைகிறது. ரயிலில் வந்த புதுக் கல் ரயில் புகைக்கே தாங்கவில்லை.

1880 அக்டோபர் 15 அன்று விழா. தொடங்கி 632 வருடம். பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் வந்தார். பேராயர் பவுல் மெல்ஷர்ஸ் வரவில்லை, வரவும் முடியாது. பிஸ்மார்க்கின் அரசுக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் நடந்த மோதலில் அவர் நெதர்லாந்தில் தலைமறைவாக இருந்தார். பேராலயம் முடிந்த நாளில் பேராயர் இல்லை! ஊர்க் கத்தோலிக்கர்கள் விழாவை மரியாதையோடு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் போகிற பங்காளி போல. எது எப்படியோ, 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூண் எழும்பும் வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான்.

ஆக, வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, "அடேயப்பா, நடுக்காலம்!" என்று வாய் பிளக்கும் அந்தக் கோபுரங்கள் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தைவிட ஏழு வயது இளையவை. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கிவிடும். ஏமாற்றிவிட்டார்களே என்பது போல. அப்படியானால் இது போலியா என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வரைந்தவனுக்கும் கட்டியவனுக்கும் நடுவே பொதுவாக ஒரு சாலையும் ஒரு தொலைபேசியும் இருக்கும். இங்கே ஆறு நூற்றாண்டு இருந்தது. வரைபடத்தில் உள்ளபடி கட்டியிருக்கிறார்களா என்பதுதான் என் தொழிலில் கேட்கிற கேள்வி. கட்டியிருக்கிறார்கள். வடக்குக் கோபுரம் தெற்கைவிட 7 சென்டிமீட்டர் உயரம். 157 மீட்டரில் 7 சென்டிமீட்டர் என்றதும் அப்பா, "பில் பாஸ் பண்ணிடலாம்" என்றார்.

போரைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. 14 பெரிய குண்டுகள் நேரடியாக விழுந்தன. சுற்றிலும் ஊரே தரைமட்டம். 1943 நவம்பரில் வடக்குக் கோபுரத்தைத் தாங்கும் ஒரு முட்டுத்தூணை ஒரு குண்டு கடித்துவிட்டது. கோபுரம் சாயாமலிருக்க அந்தப் பள்ளத்தைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். போர் முடிந்து பல பத்தாண்டுகள் அந்தச் சிவப்பு ஒட்டு அப்படியே தெரிந்தது. 2005இல்தான் கல் போர்த்தி மறைத்து முடித்தார்கள். விட்டு வைத்திருக்கலாம். கொத்தனார் மகனாக எனக்கு அதில் வருத்தம். அந்தக் கட்டடத்தில் என் அப்பா பார்த்தால் அடையாளம் தெரிகிற ஒரே இடம் அந்தச் செங்கல் வேலைதான்.

தெற்குக் கோபுரத்தில் 533 படி. லிஃப்ட் கிடையாது. வழியில் மணிக்கூடு. 24 டன் எடையுள்ள புனித பேதுரு மணி, ஊர் மொழியில் 'குண்டு பிட்டர்', 1923இல் வார்த்தது. இதற்கு முன்னால் இங்கே தொங்கியது பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கி வார்த்த மணி. 1918இல் போருக்காக அதை மறுபடி உருக்கிவிட்டார்கள். பீரங்கி மணியாகி, மணி மறுபடி போருக்கே போனது. 2011இல் ஜனவரி 6 அன்று, மூன்று ராஜாக்களின் திருநாளிலேயே, பிட்டரின் நாக்கு அறுந்து கீழே விழுந்தது. கிட்டத்தட்ட 800 கிலோ இரும்பு. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

இறங்கி வந்தால், சிலுவை வடிவ ஆலயத்தின் தெற்குக் கையில் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் சன்னல். போரில் போன கண்ணாடிக்குப் பதிலாக 2007இல் வைத்தது. புனிதர் இல்லை, கதை இல்லை. 72 வண்ணங்களில் 11,263 சின்னச் சதுரங்கள். எந்தச் சதுரம் எங்கே என்பதைப் பெரும்பாலும் கணினியின் குலுக்கல் முடிவு செய்தது. அன்றைய கர்தினால் மைஸ்னருக்குப் பிடிக்கவில்லை. இது மசூதியிலோ வேறு பிரார்த்தனைக் கூடத்திலோ இருக்க வேண்டியது என்ற பொருளில் சொல்லிவிட்டார். முதல் தடவை பார்த்தபோது எனக்கும் டிவி சிக்னல் போன திரை மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒரு நாள் மதிய நேரத்தில் வெயில் ஏறியபோது எதிரே இருந்த கரும் தூணில் அந்தச் சதுரங்கள் கரைந்து வழிந்தன. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு குழந்தை அந்த நிறங்களின்மேல் கால் வைத்து வைத்துத் தாண்டிக்கொண்டிருந்தது. அதன்பிறகு கர்தினால் பக்கம் நான் இல்லை.

பேராலயம் முடிந்துவிட்டால் உலகம் முடிந்துவிடும் என்று கொலோன்காரர்கள் சொல்வார்கள். சாரம் இருக்கும்வரை பயமில்லை என்று சிரிப்பார்கள். சாரம் இறங்குவதாகவும் தெரியவில்லை. ஒரு பக்கம் கல் மாற்றி முடிப்பதற்குள் மறுபக்கம் பொரிந்துவிடுகிறது. பேராலயத்துக்கென்றே சொந்தப் பட்டறை இருக்கிறது. கல்தச்சர், சிற்பி, கண்ணாடி வேலைக்காரர், சாரம் கட்டுகிறவர் என்று சுமார் நூறு பேர். பழைய கல்லைக் கழற்றி, அதே அளவில் புதுக் கல்லை உளியால் செதுக்கி மாட்டுகிறார்கள். போருக்குப்பின் மாட்டியவர்கள் மேலே சில இடங்களில் கால்பந்து வீரர்களையும் கென்னடியையும் குருஷேவையும்கூடச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கீழிருந்து யாருக்கும் தெரியாது என்ற தைரியம்.

போன இலையுதிர் காலத்தில் பட்டறையைச் சுற்றிப் பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. ஓர் இளம் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், கல்பூ ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கழற்றிக் கொண்டுவந்த பழைய பூ, பாதி இதழ் கரைந்து கருத்துப்போய். இடது கையில் உளி, வலது கையில் உருண்டைத் தலையுள்ள கொட்டாப்புளி. தட்டுகிற சத்தம் சீராக, அவசரமில்லாமல் வந்தது. எங்கே மாட்டப்போகிறீர்கள் என்று கேட்டேன். மேலே கை காட்டினார். அனுமதி கேட்டு, முகம் தெரியாமல் கைகளை மட்டும் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

இரண்டு மணி நேரம் பதில் இல்லை. ராத்திரி கூப்பிட்டார். மூன்று தடவை போட்டுப் பார்த்தாராம். எனக்குக் கல் வேலை தெரியாது என்று முதலிலேயே சொல்லிக்கொண்டார். அப்புறம், "அந்தப் பொண்ணு கொட்டாப்புளியைப் பார்க்கவே இல்ல, கவனிச்சியா? கண்ணு உளியோட நுனியில இருக்கு. நல்லா பழகியிருக்கு" என்றார். "ஆனா அந்த உயரத்துக்கு அந்தப் பலகை கொஞ்சம் தாழ்வு. ஒரு செங்கல் அளவு தூக்கி வைக்கச் சொல்லு, இடுப்பு போயிடும்."